விழும் பழமும் உறைபனிக் கிடங்கும்: தோமே-அசூவின் கணக்கு

அமேசானில் விளையும் குபுவாசுப் பழத்தை யாரும் மரத்திலிருந்து பறிப்பதில்லை. முற்றி மணம் ஏறியதும் தானே விழும். அவசரப்பட்டுப் பறித்தால் வாசனையும் வராது, சதையும் இளகாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, மழை விடாமல் கொட்டும் மாதங்களில், விழுந்ததை அன்றன்றே பொறுக்கியாக வேண்டும். ஒரு பழம் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். பழுப்பு ஓட்டை உடைத்தால் விதையோடு ஒட்டிப் பிடித்த வெள்ளைச் சதை. வீடுகளில் அதைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுப்பார்கள். கிலோவுக்கு 350 முதல் 400 கிராம் வரை சதை தேறும். பொறுக்கி இரண்டு மூன்று நாள் போட்டுவைத்தால் புளித்துவிடும்.

வீட்டுக்குப் பின்னால் பத்து மரம் இருந்தால் இது தின்பண்டம். நூற்றுக்கணக்கில் இருந்தால், பக்கத்தில் சதை பிரிக்கும் இயந்திரமும் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் உறைய வைக்கும் கிடங்கும் இல்லாதவரை, அது வெறும் குப்பை. பிரேசிலின் பாரா மாநிலத்தில் இருக்கும் தோமே-அசூ என்ற ஊரை ‘காட்டைப் போல விவசாயம் செய்யும் ஊர்’ என்று உலகம் கொண்டாடுகிறது. கொண்டாட்டத்தில் தப்பில்லை. ஆனால் அந்த மரங்களை நிற்கவைத்திருப்பவை உறைபனிக் கிடங்கும், கூட்டுறவுச் சங்கமும், மாநிலத் தலைநகரான பெலேமின் துறைமுகத்துக்குப் போகும் சாலையும்தான். இவை மூன்றும் இல்லாத இடத்தில் இந்த முறையை அப்படியே நட்டவர்கள் பழம் அழுகுவதைத்தான் பார்ப்பார்கள்.

ஊர் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இரண்டரை டிகிரியில் இருக்கிறது. பெலேமிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நகராட்சி எல்லை 5,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 67 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பழைய ஊர் அகரா-மிரிம் ஆற்றங்கரையில் இருக்கிறது, ஏனென்றால் அந்தக் காலத்தில் எல்லாமே படகில் வந்தன. வியாபாரம் நடக்கும் ஊரோ அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே, குவாத்ரோ போகாஸ் என்ற இடத்தில். பெயருக்கு ‘நான்கு வாய்’ என்று பொருள், நாற்சந்தி. உரக்கடை, வங்கி, மிளகு மண்டி, கூட்டுறவு அலுவலகம் எல்லாம் அங்கேதான். ஆற்றங்கரையில் பிறந்து சாலைச் சந்திக்கு இடம்பெயர்ந்த ஊர்கள் அமேசானில் நிறைய உண்டு. இதுவும் அதில் ஒன்று.

சாலை என்றதும் நெடுஞ்சாலையைக் கற்பனை செய்ய வேண்டாம். புஜாருவில் குவாமா ஆற்றை பால்சா என்னும் தட்டைப் படகில் லாரியோடு கடப்பது ஒரு வழி. 2002இல் பெலேமுக்குத் தெற்கே ஆறுகளின் மேல் வரிசையாகப் பாலங்கள் கட்டி ‘அல்சா வியாரியா’ என்ற இணைப்புச் சாலை திறந்தார்கள்; அது இன்னொரு வழி. 2019 ஏப்ரலில் மொஜு ஆற்றுப் பாலத்தின் தூணில் ஒரு சரக்குப் படகு மோதி, பாலத்தின் நடுப்பகுதி ஆற்றில் விழுந்தது. மறுபடி கட்டித் திறக்கும்வரை மாதக்கணக்கில் லாரிகள் படகுக்குக் காத்துக் கிடந்தன. உலர்ந்த மிளகு காத்திருக்கும். உறைந்த பழச்சதைக்குக் காத்திருப்பதென்றால் டீசல் செலவு.

மண்ணைப் பற்றிப் பலருக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது. இவ்வளவு பெரிய காடு நிற்கிறதே, மண் கொழுத்திருக்கும் என்று. இங்கே வெள்ளம் ஏறாத மேட்டு நிலத்தில் இருப்பது மஞ்சள் நிற லேட்டோசால் மண்: புளிப்பு மிகுந்தது, மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகக் குறைவு, இருக்கிற மணிச்சத்தையும் இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொள்ளும். காட்டின் செழிப்பு மண்ணில் இல்லை, மரத்திலும் சருகிலும்தான் இருக்கிறது. வெட்டி எரித்தால் சாம்பலின் தயவில் ஓரிரு போகம் வரும். பிறகு மண் கையை விரிக்கும். ஆண்டுக்கு 2,300 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை. அதில் பெரும்பகுதி டிசம்பர் முதல் மே வரை. ஜூலையிலிருந்து நவம்பர் வரை ஓரளவு வறட்சி. இந்த இரண்டு பருவங்களின் கோடுதான் ஊரின் நாள்காட்டி.

1929 செப்டம்பர் 22 அன்று முதல் ஜப்பானியக் குடும்பங்கள் இங்கே இறங்கின: நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட குடும்பங்கள், 189 பேர். ஜப்பானின் பெரிய நூற்பாலை நிறுவனமான கானேபோவின் முதலீட்டில் உண்டான குடியேற்ற நிறுவனம், பாரா அரசிடம் நிலம் பெற்று அவர்களைக் கொண்டுவந்தது. திட்டம் கோக்கோ. கோக்கோ தேறவில்லை. நெல் போட்டார்கள், விலை இல்லை. காய்கறி போட்டார்கள், அன்றைய பெலேமில் முள்ளங்கிக்கும் கீரைக்கும் வாடிக்கையாளர் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. 1931இல் தொடங்கிய காய்கறிச் சங்கம்தான் இன்றைய கூட்டுறவின் விதை. அதற்குள் மலேரியாவும், அதன் கடுமையான வடிவமான கருநீர்க் காய்ச்சலும் வீடு வீடாக ஆளை எடுத்தன. வந்த குடும்பங்களில் பெரும்பாலானவை தெற்கே சாவ் பாவ்லோ பக்கம் போய்விட்டன. போகக் காசில்லாதவர்களும் பிடிவாதக்காரர்களும் மிஞ்சினார்கள்.

1933இல் குடியேறிகளைக் கூட்டிவந்த மகினோசுகே உசுயி என்ற நிறுவன அலுவலர், வழியில் கப்பல் சிங்கப்பூரில் நின்றபோது 20 மிளகு நாற்றுகளை வாங்கி வந்தார். பிழைத்தவை இரண்டு மூன்று. அவற்றைப் பதியன் போட்டுப் பதியன் போட்டுத்தான் பிறகு லட்சக்கணக்கில் கொடிகள் பெருகின. 1942இல் பிரேசில் ஜப்பானுடன் உறவை முறித்ததும் இந்த ஊரையே ஒரு தடுப்பு முகாமாக்கி, பெலேமிலிருந்த ஜப்பானியரையும் ஜெர்மானியரையும் இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். போர் முடிந்தபோது தென்கிழக்கு ஆசியாவின் மிளகுத் தோட்டங்கள் பாழாகிக் கிடந்தன. உலகச் சந்தையில் மிளகு இல்லை. இங்கே கொடிகள் காய்த்து நின்றன. 1940களின் கடைசியிலிருந்து விலை ஏறிய வேகத்தில் ‘கறுப்பு வைரம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1949இல் சங்கம் தோமே-அசூ கலப்பு வேளாண் கூட்டுறவு என்று பெயர் மாற்றிக்கொண்டது. போர்த்துகீசிய முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் காம்தா என்கிறார்கள். ஊர் தனி நகராட்சியானது 1959இல்.

அந்தக் காலத்து மிளகுத் தோட்டத்தின் அமைப்பைப் பார்த்தால் பின்னால் வந்த அழிவும் புரியும். நம் பக்கத்தில் மிளகு பலாவிலும் முருக்கிலும் ஏறும். அங்கே செத்த மரக்கட்டையில் ஏற்றினார்கள். மூன்று மீட்டர் கட்டை. அரை மீட்டர் மண்ணுக்குள், மிச்சம் மேலே. அகாப்பு என்ற வன்மரம்தான் தோது, ஏனென்றால் எளிதில் கரையான் ஏறாது, உளுக்காது. இரண்டரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 1,600 கட்டை. ஒரு ஹெக்டேர் மிளகுக்கு எவ்வளவு காடு விழுந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிழலே கிடையாது, முழு வெயில், முழு உரம். கட்டைக்குக் கிழக்கே 40 சென்டிமீட்டர் குழி எடுத்து மக்கிய எருவும் மணிச்சத்தும் இட்டு, மழை பிடித்ததும் நடுவார்கள். கிழக்குப் பக்கம் ஏனென்றால், மாலை வெயிலை இளங்கொடி தாங்காது. முதல் சில வாரங்கள் பனையோலை செருகி நிழல் கட்டுவார்கள். நம்மவர்கள் தரையில் ஓடும் கொடியிலிருந்து தண்டு வெட்டுவார்கள். பிரேசிலில் கட்டையில் மேலேறும் கொடியிலிருந்தே வெட்டுகிறார்கள். சீக்கிரம் காய்க்கும் என்பது காரணம். மூன்றாம் ஆண்டில் நல்ல மகசூல் தொடங்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கொடிக்கு இரண்டு மூன்று கிலோ உலர்ந்த மிளகு. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு இப்படியே போகும் என்று நம்பினார்கள்.

1950களின் பின்பாதியில் அடித்தண்டு கறுக்கத் தொடங்கியது. இந்தியாவில் மிளகைக் கொல்லும் வாடல் நோய்க்குக் காரணம் பைட்டோப்தோரா. பாராவில் கொன்றது வேறு: ஃபியூசேரியம் சொலானி என்ற பூசணத்தின், மிளகையே குறிவைக்கும் ஒரு வகை. அது இரண்டு வழியாக வரும். ஒன்று வேரிலிருந்து: வேர் அழுகி, இலை மஞ்சளாகி, இலையும் கணுவும் உதிர்ந்து, கொடி எலும்புக்கூடாகக் கட்டையில் தொங்கும். இன்னொன்று மேலிருந்து: மழைத்துளியோடு தெறித்து வந்த வித்து, தண்டின் கணுவில் புகுந்து அங்கிருந்து கீழிறங்கும். தோட்டத்தில் வட்ட வட்டமாகப் பரவும். மழைக்காலத்தில் வட்டம் பெருகும். இரண்டு மூன்று தாய்க்கொடியிலிருந்து வந்த ஒரே உடம்பு எல்லாத் தோட்டத்திலும் நின்றது. ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. பதினைந்து ஆண்டு வாழ வேண்டிய கொடி ஐந்தாறு ஆண்டில் செத்தது. 1974இன் பெருமழை மிச்சத்தையும் கொண்டுபோனது.

இன்றும் இதற்கு மருந்து இல்லை, எதிர்த்து நிற்கும் ரகமும் இல்லை. நோயில்லாத தோட்டத்திலிருந்து தண்டு எடுப்பது, தண்ணீர் தேங்காமல் வடிப்பது, களையெடுக்கையில் வேரில் மண்வெட்டி படாமல் பார்ப்பது, மூடாக்குப் போடுவது, செத்ததை உடனே பிடுங்கி எரிப்பது. இவ்வளவுதான் கைவைத்தியம். பழைய சிங்கப்பூர் ரகத்தோடு இப்போது வேறு ரகங்களையும் கலந்து நடுகிறார்கள். அவை எங்கிருந்து போயின என்பதுதான் வேடிக்கை. பிரேசில் விவசாயி ‘பிரகன்தீனா’ என்று நடுவது கேரளத்தின் பன்னியூர்-1. கொட்டநாடனும் குதிரவாலியும் மலபார்ப் பெயரோடே அங்கே வளர்கின்றன. பன்னியூரின் சரம் நீளமானது, சிங்கப்பூர் ரகத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் பூக்கும் நேரத்தில் மழை பொய்த்தால் சரத்தில் பொக்கு விழும். ஆக, ரகம் தேர்வது மழையோடு ஆடும் சூதாட்டம்.

அறுவடை ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி நவம்பர் வரை. வறட்சிக் காலத்தில் வருவது பாக்கியம். களத்தில் மூன்று நான்கு நாள் வெயில் போதும். நூறு கிலோ பச்சை மிளகுக்கு முப்பது, முப்பத்தைந்து கிலோ கறுப்பு மிளகு. ஈரம் 12, 13 சதவீதத்துக்கு மேலிருந்தால் மூட்டைக்குள் பூசணம் பிடிக்கும். தப்பு நடப்பதும் களத்தில்தான். தரையில் விரித்த தார்ப்பாயில் கோழியும் நாயும் நடந்தால் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி ஒட்டும். ஐரோப்பிய ஒன்றியம் பிரேசில் மிளகை இதற்காகவே எல்லையில் கூடுதலாகச் சோதிக்கிறது. மழைக்குப் பயந்து விறகு அடுப்பு உலர்த்தியில் போட்டு, புகை நேராக மிளகில் பட்டால் ஆந்த்ராகுவினோன் என்ற வேதிப்பொருள் ஏறும். அதற்கு ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். புகை தனிக்குழாயில் போய், சூடான காற்று மட்டும் மிளகில் படும்படி உலர்த்தி அமைத்தால் தீர்ந்தது. செலவு கூடும். விலை கிலோவுக்குக் கொஞ்சம் இறங்கினாலும் முதலில் வெட்டுப்படுவது இந்தச் செலவுதான்.

மிளகு செத்த தோட்டத்தில் கட்டைகள் மட்டும் நின்றன. அவற்றின் மேல் கம்பி இழுத்து பேஷன் பழக்கொடியை ஏற்றினார்கள். மஞ்சள் பழ வகையின் பூ மதியம்தான் விரியும். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. கருவண்டு போதாத தோட்டத்தில் ஆட்கள் மாலைவரை பூவுக்குப் பூ விரலால் மகரந்தம் தடவ வேண்டும். அந்தக் கொடியின் ஆயுளும் இரண்டு மூன்று ஆண்டுதான். நொபொரு சகாகுச்சி போன்ற சிலர் ஆற்றங்கரைவாசிகளின் கொல்லையைக் கவனித்தார்கள். அங்கே உரமும் இல்லை, வரிசையும் இல்லை. கோக்கோ, அசாயிப் பனை, மா, பெரும் மரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நின்று வருஷம் முழுக்க ஏதோ ஒன்றைத் தந்துகொண்டிருந்தன. அதை வரிசையும் இடைவெளியும் கணக்கும் உள்ள தோட்டமாக்கியதுதான் தோமே-அசூ முறை.

முறையின் சூட்சுமம் எந்த மரத்தோடு எந்த மரம் என்பதைவிட எந்த ஆண்டு எது காசு தரும் என்பதில் இருக்கிறது. முதல் ஆண்டு நெல்லோ அவரையோ மரவள்ளியோ, மிளகு வரிசைகளுக்கு நடுவில். கூடவே வாழை, நிழலுக்கும் காசுக்கும். வாழை நிழல் கூடியதும் அதனடியில் கோக்கோவோ குபுவாசுவோ. தூரத் தூரமாக மகாகனி, அந்திரோபா, பிரேசில் கொட்டை, தப்பெரெபா. மூன்றாம் ஆண்டிலிருந்து ஏழெட்டாம் ஆண்டுவரை மிளகுதான் குடும்பத்தைத் தாங்கும். மிளகுக்குப் போட்ட உரத்தின் மிச்சத்தைத் தின்று கோக்கோ பெரிதாகும். ஃபியூசேரியம் வந்து மிளகைக் கொல்லும் நேரத்தில் கோக்கோ காய்ப்புக்கு வந்திருக்கும். அதாவது நோயை ஒழிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, மிளகின் சாவுக்கும் திட்டத்தில் ஒரு தேதி குறித்துவிட்டார்கள். இருபது, முப்பது ஆண்டு கழித்து நிற்பது கோக்கோவும் மேலே தடிமரமும். கட்டைக்கு அகாப்பு கிடைப்பது அரிதாகிவிட்டதால், இப்போது பலர் கிளைரிசிடியா மரத்தை ஆறு மாதம் முன்பே நட்டு, கொடி ஏறும் உயிர்த்தாங்கியாக்குகிறார்கள். வருஷத்துக்கு இரண்டு முறையாவது அதைக் கவாத்து செய்யாவிட்டால் நிழல் கூடி மிளகுச் சரம் குறையும். வெட்டிய தழை மூடாக்கு.

கெட்டுப்போவது பெரும்பாலும் நிழல் கணக்கில்தான். ஐந்தாம் ஆண்டில் அழகாக இருக்கும் தோட்டம் பன்னிரண்டாம் ஆண்டில் இருண்டுவிடும். இருண்ட தோட்டத்தில் கோக்கோக் காய் கறுத்து அழுகும். அமேசானின் சொந்த நோயான ‘சூனியக்காரியின் துடைப்பம்’ தளிரைத் துடைப்பக்கட்டை போலப் புதராக்கும். அந்தப் புதர்களை வறட்சிக் காலத்திலேயே வெட்டியெடுக்க வேண்டும். மழையில் விட்டால் அதில் சின்னக் காளான் முளைத்து வித்து தூவும். மரத்தை ஆளுயரத்துக்கு அடக்கி வளர்த்தால்தான் இந்த வெட்டும் வேலை நடக்கும். நிழல் மரத்தை வெட்டவும் மனசு வர வேண்டும். நட்டவர் வெட்டத் தயங்குவார், அவர் மகன் வெட்டுவார் என்பது பல தோட்டங்களைப் பார்த்தால் தெரிகிற உண்மை.

கோக்கோவின் சுவை தோட்டத்தில் பாதி, பெட்டியில் பாதி. காயை உடைத்த அன்றே விதையைச் சதையோடு மரப்பெட்டியில் கொட்டி, வாழையிலை மூட வேண்டும். 48 மணி நேரம் தொடக்கூடாது. பிறகு நாளுக்கொரு தரம் அடுத்த பெட்டிக்குப் புரட்ட வேண்டும். வெப்பம் 45 டிகிரி தாண்டினால் சரியான வழியில் போகிறது. ஐந்திலிருந்து ஏழு நாள். பெட்டி பாதிதான் நிரம்பியிருந்தால் சூடு ஏறாது. சிறு விவசாயியின் கோக்கோ மட்டமாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம், சோம்பல் அல்ல. ஈரம் 7 சதவீதத்துக்கு இறங்கும்வரை காய வேண்டும். நகரும் கூரை போட்ட மரத்தளம்தான் இதற்கு வழி. மழை வந்தால் கூரையை இழுத்து மூடலாம். இந்தப் பக்குவம் பிடிபட்டதால்தான் ஜப்பானிய சாக்லேட் நிறுவனம் மெய்ஜி இங்கிருந்து வாங்குகிறது. 2019 ஜனவரியில் தோமே-அசூ கோக்கோவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாரா மாநிலத்தின் முதல் குறியீடு அது.

காசு வரும் மாதங்களை வரிசையாகப் பார்த்தால் சங்கம் செய்யும் வேலை விளங்கும். ஆண்டின் தொடக்கத்தில் குபுவாசு. மே, ஜூனிலிருந்து கோக்கோ. ஆகஸ்டிலிருந்து மிளகும் அசாயியும். நடுநடுவே பேஷன் பழமும் அசெரோலாவும். பழக்கூழ் ஆலை ஒரே பழத்துக்கென்று இருந்தால் வருஷத்தில் எட்டு மாதம் பூட்டிக் கிடக்கும். தோட்டத்தில் பல பயிர் இருப்பதால் ஆலை ஓடுகிறது, ஆலை ஓடுவதால் பல பயிர் விற்கிறது. காம்தாவின் உறுப்பினர் எண்ணிக்கை 170ஐ ஒட்டித்தான். ஆனால் உறுப்பினரல்லாத சிறு விவசாயிகளிடமும் பழம் வாங்குகிறார்கள். இல்லாவிட்டால் ஆலைக்குத் தீனி போதாது. 1990இல் ஜப்பான் குடியேற்றச் சட்டத்தை மாற்றியதும் ஊரின் இளைஞர்கள் பலர் தாத்தா நாட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணமும் பல தோட்டங்களைத் தாங்கியது.

கூட்டுறவுத் தோட்டங்கள் ஊரின் முகம். பரப்பில் அவை சின்னவை. எல்லைக்குள் மாட்டுப் பண்ணைகளும், வெட்டி எரித்து மரவள்ளி போட்டு ஃபரீஞ்ஞா மாவு வறுக்கும் குடும்பங்களும், எண்ணெய்ப்பனையும்தான் அதிகம். 2010 மே மாதம் அதிபர் லூலாவின் அரசு தேசிய பாமாயில் திட்டத்தைத் தொடங்கிவைத்ததே இந்த ஊரில்தான். ஹெக்டேருக்கு 143 பனை. குலையை வெட்டி ஒரு நாளுக்குள் ஆலைக்கு அனுப்பாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். ஆகவே ஆலை எங்கேயோ நிலமும் அங்கே வேண்டும். அந்த நிலத்தேவை தூரே-மரிகீத்தாவின் தெம்பே பழங்குடிகளோடும் தப்பிவந்த அடிமைகளின் வழிவந்த கிலொம்போலா சமூகங்களோடும் மோதியது; 2023இல் துப்பாக்கிச்சூடு வரை போனது. எண்ணெய்ப்பனையையே கலப்புத் தோட்டத்தில் வளர்க்கலாமா என்று அழகுசாதன நிறுவனமான நத்துரா, அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராப்பா, காம்தா மூன்றும் சேர்ந்து 2008 வாக்கில் தொடங்கிய சோதனைத் தோட்டங்களும் இதே ஊரில் இருக்கின்றன. பனையின் மட்டை பரந்து நிழலடிக்கும் என்பதால் இடைவெளியை அகட்ட வேண்டியிருந்தது. அப்படி அகட்டினால் ஹெக்டேருக்குப் பனை குறையும். ஆலை முதலாளிக்கு அது பிடிக்காது.

இப்போதைய ஆசை அசாயி. பறித்த காய் ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும். ஆற்றங்கரையில் தானே வளரும் பனையை, எம்ப்ராப்பா 2004இல் வெளியிட்ட ரகத்தை வைத்து மேட்டு நிலத்தில் நடுகிறார்கள். ஜூலைக்கு மேல் தண்ணீர் பாய்ச்சினால், மற்றவர்களிடம் காய் இல்லாத மாதங்களிலும் காய்க்கும். நல்ல விலை. ஆனால் வரிசை வரிசையாக அசாயி மட்டும், சொட்டுநீர்க் குழாயோடு நிற்பதைப் பார்த்தால் 1950களின் மிளகுத் தோட்டம்தான் நினைவுக்கு வருகிறது. 2024 டிசம்பரில் கோக்கோ டன்னுக்கு 12 ஆயிரம் டாலரைத் தாண்டியபோது முழு வெயிலில் கோக்கோ மட்டும் போடும் பேச்சும் கூடவே வந்தது.

இந்த நேரத்தில் கவனிக்க வேண்டியது மேற்கே இருக்கிறது. மொனிலியா என்ற காயழுகல் நோய் 2021இல் ஆக்ரே மாநிலத்தின் குருசெய்ரோ தோ சூலில், பிரேசிலில் முதல் முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கோக்கோ, குபுவாசு இரண்டையும் தாக்கும். முதலில் காய் வெளியே குறையில்லாததுபோலவே தெரியும். கையில் தூக்கினால் வழக்கத்தைவிடக் கனமாக இருக்கும். பழுப்புப் புள்ளி விழுந்து, சில நாளில் அதன் மேல் வெண்ணிற மாவு படரும். அந்த மாவு முழுக்க வித்து; கையாலோ கத்தியாலோ தட்டினால் தோட்டம் முழுக்கப் பறக்கும், சட்டையில் ஒட்டிப் படகேறும். அப்படி ஒரு காயைப் பார்த்தால் பறிக்கக்கூடாது, நண்பருக்குக் காட்ட எடுத்துப் போகவும் கூடாது. நின்ற இடத்திலேயே படமெடுத்து மாநிலப் பயிர்ப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும்.